கதையையும் ஆராய்ச்சியையும் ஒன்றாக வாசித்த நாடு

இன்றைய தமிழ் இதழ்களில் நூல் மதிப்புரை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நாவலையும் சிறுகதைத் தொகுப்பையும் படைப்பாளிகள் மதிப்பிடுகிறார்கள். வரலாறு, சமூகவியல், தன்வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் என்றால் நூல் துறை சார்ந்தவர் கைக்குப் போய்விடுகிறது. ஒரே வாசகர் இரண்டையும் வாங்கிப் படிக்கிறார். அவருக்கு வழிகாட்ட வந்தவர்கள்தான் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் காலெடுத்து வைப்பதில்லை. இந்தப் பிரிவினை இயல்பானதுபோலத் தோன்றுகிறது. ஆனால் தமிழகத்தின் தென்கோடியில், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரண்டு வட்டங்களுக்குள் அடங்கிவிடும் நாஞ்சில்நாட்டின் கடந்த நூற்றுமுப்பது ஆண்டு எழுத்து வரலாறு இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. அங்கே கற்பனையையும் ஆராய்ச்சியையும் பல சமயம் ஒரே கை எழுதியது. ஒரே கூட்டம் உட்கார்ந்து விவாதித்தது. இரண்டின் முன்னும் வைக்கப்பட்ட கேள்வியும் ஒன்றே: நீ எழுதியிருக்கும் இந்த வாழ்க்கையை எப்படி அறிந்தாய்? அந்த மரபைப் படிப்பறையிலிருந்து திறந்த மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா என்னும் ப. ஜீவானந்தம். மதிப்புரை என்பது வாசகனுக்குச் செய்யும் பொதுப்பணி என்று நம்புகிறவர்கள் மீட்டெடுக்க வேண்டிய மரபு அது.

பூதப்பாண்டி நாகர்கோவிலுக்கு வடக்கே, பழையாற்றின் கரையில் வயல்களும் மலையும் சூழ்ந்த ஊர். தோவாளை வட்டத்தின் தலைமையிடம். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை, முதலில் திருவிதாங்கூரின் ஆட்சிப் பகுதியாகவும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்தது. பேச்சும் பாட்டும் தமிழ், அரசு அலுவல் மலையாளம், மேற்படிப்புக்குத் திருவனந்தபுரம் என்பதுதான் பல தலைமுறைகளுக்கு இங்கே படித்தவர்களின் நிலை. ஊர்ப்பெயரைப் புறநானூற்றில் பாடல் கொண்ட பூதப்பாண்டியனோடு சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கு. தீப்பாயச் செல்லும்போது சான்றோரை நோக்கிப் பாடிய பெருங்கோப்பெண்டு அவன் மனைவி. ஊரின் நடுவே பூதலிங்கசுவாமி கோயில் நிற்கிறது. அதன் கல்வெட்டுகள் வேறொரு காலத்தைப் பேசுகின்றன. ஊர்ப்பெயரின் கதையை நம்புவதா என்று முடிவு செய்ய விரும்புகிறவர் பாட்டையும் படிக்க வேண்டும், கல்லையும் படிக்க வேண்டும். பாட்டு மட்டும் படித்தவர் ஊர்ப்பெருமையில் நின்றுவிடுவார். கல் மட்டும் படித்தவருக்கு அந்தப் பெருமையை மக்கள் ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பது விளங்காது. இந்த வட்டாரத்தின் அறிவு வரலாறு முழுக்க இந்த இரட்டை வாசிப்பைக் காணலாம்.

அதன் நவீனத் தொடக்கம் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் பிறந்தது ஆலப்புழையில், பணிபுரிந்தது திருவனந்தபுரத்தில். 1891இல் வெளிவந்த அவருடைய மனோன்மணீயம் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவிய கவிதை நாடகம். ஆனால் கதையில் பாண்டியனுக்கும் சேரனுக்கும் போர் மூளக் காரணமாவது நாஞ்சில்நாடு யாருக்கு என்ற வழக்கு. அதே ஆண்டுகளில் அவர் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கல்வெட்டுகளின் துணையோடு வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். திருஞானசம்பந்தரின் காலத்தைச் சான்றுகளால் நிறுவ முயன்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் நாஞ்சில்நாட்டின் உரிமைக்காகக் கற்பனையில் ஒரு போர். மறுபக்கம் இந்த நிலத்தை உண்மையில் ஆண்டவர் யார் என்ற விசாரணை. இரண்டையும் செய்தவர் ஒருவரே என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1922இல் அந்த நாடகத்தைப் பதிப்பித்தார். பின்னாளில் தமிழ் நூல்களின் காலத்தை ஆராய்ந்து பலரின் கோபத்தையும் சம்பாதித்த அறிஞர், பதிப்புப் பணியின் தொடக்கத்தில் கையிலெடுத்தது தம் காலத்துக்கு அருகிலிருந்த ஒரு நாடகத்தை. பழையதை ஆராய்ச்சிக்கும் புதியதை ரசனைக்கும் என்று பங்கு பிரித்துக்கொள்ளாத சூழல் அது.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954). குழந்தைப் பாடல்களால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளரும்கூட. காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்து எழுதினார். பூதப்பாண்டிக்கு அருகிலுள்ள அழகியபாண்டியபுரத்தின் முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடிப் படித்தார். நில உரிமை, வரி, அடிமை விற்பனை என்று இந்த நாட்டின் பொருளியல் வாழ்க்கை பதிவான ஆவணங்கள் அவை. இதே மனிதர் 1917–18இல் தமிழன் என்ற இதழில் ஒரு நெடுங்கவிதையைத் தொடராக வெளியிட்டார். அதுதான் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம். சொத்து மகனுக்கு அல்லாமல் சகோதரி மக்களுக்குப் போகும் முறை அன்று நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே சட்டமாக இருந்தது. குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் மனைவியும் மக்களும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலை. அந்தக் கொடுமையைப் பல தாரம் கட்டிய ஒருவரின் ஐந்தாம் மனைவியின் வாயால் சொல்ல வைத்தார் கவிமணி. அந்தப் பெண் கற்பனை. அவள் சொல்லும் வழக்குச் செலவும், பண்டபாத்திரச் சண்டையும், மருமகனின் அதிகாரமும் அந்த நாட்டில் எல்லோரும் அறிந்தவை. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளருக்கான சட்டத்தால் அந்த முறையை மாற்றியது. மனுக்களும் கூட்டங்களும் வழக்குகளும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் அது. ஒரு கவிதை தனியாகச் சட்டம் செய்துவிடவில்லை. ஆனாலும் கவிதையை வாசித்தவர்கள் அதைத் தங்கள் வீட்டு ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது என்பதும், அந்த ஒப்பீட்டில் கவிதை தோற்கவில்லை என்பதும் முக்கியம். ஓலைகளைப் படித்த கண்தான் அந்தக் கவிதையை எழுதியது. அந்த ஓலைகள் சொல்லாமல் விட்ட பெண்ணின் குரலைக் கவிதை சேர்த்துக்கொண்டது.

இந்த மரபுக்குள் பிறந்தவர் ஜீவா. 1907 ஆகஸ்ட் 21 அன்று பூதப்பாண்டியில் பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர் சொரிமுத்து. பதின்ம வயதிலேயே வைக்கம் போராட்டம். பிறகு காரைக்குடிக்கு அருகே சிராவயலில் காந்தியப் பணி. தனித்தமிழ்ப் பற்றால் உயிரின்பன் என்று பெயர் மாற்றம். பின் சுயமரியாதை இயக்கம், காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கூடவே ஒரு நூல் விவாதம் வந்தது. 1930களின் நடுவில் பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகக் கைதானார். 1937இல் தொடங்கிய ஜனசக்தியில் அரசியலோடு இலக்கியமும் எழுதினார். எட்டயபுரத்திலும் ஊர் ஊராகவும் பாரதியைப் பேசினார். காரைக்குடிக் கம்பன் விழா மேடைகளில் கம்பனைப் பேசினார். ஒரு புதிய வெளியீட்டையோ பழங்காவியத்தையோ கையில் எடுத்து, அது எந்தச் சமூகத்திலிருந்து வந்தது, அதில் இன்றைய உழைப்பாளிக்கு என்ன இருக்கிறது, எதை விட்டுவிட வேண்டும் என்று எழுத்தறியாதவரும் கேட்கும்படி பேசினால் அதுவும் மதிப்புரைதான். அச்சிட்ட மதிப்புரை நூலை வாங்கக்கூடியவனுக்கு மட்டும் எட்டியது. ஜீவாவின் பேச்சு நூலைத் தொட்டே பார்த்திராதவனுக்கும் ஒரு கருத்து இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. தமிழ் மதிப்புரை வரலாற்றில் இந்தப் படிக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. 1950களின் இறுதியில் அவர் தொடங்கிய தாமரை இதழும், 1961இல் உருவான தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றமும் அந்த மேடைப் பேச்சுக்கு நிலையான வடிவம் தந்தன. பெருமன்றத்தின் கிளைக் கூட்டங்களில் நாவலும் ஆய்வு நூலும் மொழிபெயர்ப்பும் ஒரே ஜமக்காளத்தில் வைத்துப் பேசப்பட்டன.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஜீவா கட்சிக்காரர், நூலின் தரத்தைவிட அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே அவருக்குப் பெரிது, கலை இலக்கியப் பெருமன்றத்தின் மதிப்பீடுகள் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை, இதை எப்படி மதிப்புரை மரபு என்பது? இந்த மறுப்பில் உண்மை உண்டு. முற்போக்கு முகாமின் மதிப்புரைகளில் கதாபாத்திரத்தின் வர்க்கத்தைக் குறித்துவிட்டு நூலை மூடிவைத்தவை ஏராளம். ஆனால் ஜீவாவை அந்த வரிசையில் வைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. சுயமரியாதை மேடைகளில் கம்பனைக் கொளுத்த வேண்டும் என்ற குரல் உச்சத்தில் ஒலித்த காலத்தில், அந்த இயக்கத்திலிருந்தே வந்தவர் கம்பனை எடுத்துப் பேசினார். சமயக் கருத்தை ஏற்காமலே ஒரு காவியத்தின் கலையையும் மனிதநேயத்தையும் மக்களுக்கு உரியதாக்கலாம் என்பது அவர் நிலை. அது தம் பழைய தோழர்களையும், தம் கட்சியில் பழந்தமிழ் இலக்கியத்தை நிலவுடைமைக் குப்பை என்று ஒதுக்கியவர்களையும் ஒருங்கே எதிர்த்த நிலை. சார்பு அவருக்கு இருந்தது. அது வெளிப்படையாக இருந்ததால் கேட்டவன் அதோடு மோதவும் முடிந்தது. சார்பே இல்லாததுபோல நடுநிலைத் தொனியில் எழுதப்படும் இன்றைய மதிப்புரையின் மறைந்த சார்போடு அப்படி மோதுவது கடினம். 1963 ஜனவரியில் ஜீவா மறைந்தபோது அவரைப் பற்றிச் சுந்தர ராமசாமி எழுதிய காற்றில் கலந்த பேரோசை, ஒரு தலைவனின் பேச்சையும் ஆளுமையையும் ஓர் இலக்கியப் படைப்பை அளப்பதுபோல நுட்பமாக அளந்த கட்டுரை. இடதுசாரி இதழ்களில் எழுதத் தொடங்கிப் பின்பு அந்த அழகியலிலிருந்து விலகிப்போனவர், ஜீவா மீதான மதிப்பைக் கடைசிவரை விடவில்லை. கருத்து வேறுபாட்டைத் தாங்கி நிற்கும் மதிப்பை ஜீவா விட்டுச்சென்றார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஜீவாவுக்குப் பிந்தைய தலைமுறையில் இந்த இரட்டை வாசிப்பு இன்னும் ஆழப்பட்டது. திருவனந்தபுரத்தில் பேராசிரியர் ஜேசுதாசனும் ஹெப்ஸிபா ஜேசுதாசனும் சேர்ந்து ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு எழுதினார்கள். அது 1961இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில் ஹெப்ஸிபாவின் புத்தம் வீடு நாவல் வந்தது. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தை மதிப்பிட்டு முடித்த கை, அதுவரை நாவலுக்குள் வராத பனையேறிகளின் வீட்டு முற்றத்தை எழுதியது. நகுலன் 1968இல் தொகுத்த குருக்ஷேத்திரம் திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தின் இன்னொரு முகம். சுந்தர ராமசாமி தகழியின் செம்மீனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1966இல் நூலான ஒரு புளியமரத்தின் கதை ஓர் ஊரின் நகராட்சி அரசியலையும் கடைத்தெருவையும் வரலாறாகவே சொன்ன நாவல். 1981இல் வந்த ஜே.ஜே: சில குறிப்புகள், மலையாள எழுத்தாளன் ஒருவனைக் கற்பனையாகப் படைத்து, அவனுடைய நாட்குறிப்பு, வாழ்க்கைக் குறிப்பு, விமர்சனக் கருத்து ஆகியவற்றாலேயே கட்டப்பட்டது. புனைவல்லாதவற்றின் உருவங்களை அணிந்து வந்த புனைவு அது. விமர்சனமே நாவலின் பொருளாகிவிட்டது. மலையாளத்தின் அண்மை இதற்குப் பெரிய உதவி. பக்கத்து மொழியில் வலுவான விமர்சன மரபு இருந்தது. தமிழில் வந்த நூலை உடனே இன்னொரு மொழியின் நூலோடு வைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கே இயல்பாக அமைந்தது. சென்னையில் சி.சு. செல்லப்பாவின் எழுத்து இதழும், க.நா. சுப்ரமண்யத்தின் படித்திருக்கிறீர்களா நூலும் தரம் என்ற அளவுகோலை முன்வைத்தபோது, நாகர்கோவிலில் அந்த அளவுகோலோடு வட்டார வாழ்க்கை பற்றிய அறிவும் சேர்ந்துகொண்டது. சுந்தர ராமசாமி வீட்டில் நடந்த காகங்கள் கூட்டங்கள், வனமாலிகையின் சதங்கை, ராஜமார்த்தாண்டனின் கொல்லிப்பாவை, 1988இல் தொடங்கிய காலச்சுவடு ஆகிய இதழ்கள் என்று ஒரு சிறு நகரம் இத்தனை விவாதக் களங்களைத் தாங்கியதற்கு அந்தச் சேர்க்கையே காரணம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. இது யாருடைய மரபு? கவிமணி பாடியது வேளாள வீட்டின் துயரம். படித்தவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் நிலமும் கல்வியும் கிடைத்த சாதியினர். கடற்கரையும் மலையடிவாரமும் பனங்காடும் இந்த விவாதங்களுக்கு வெளியே நின்றன. இதை மறுக்க முடியாது. முதலியார் ஓலைகளில் விற்கப்பட்ட அடிமையாகப் பதிவானவரின் வழியினர் எழுதிய நூல், அந்த ஓலைகளை ஆராய்ந்தவர்களின் கைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் மரபு திருத்தப்பட்டதும் அதே வழியில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். புத்தம் வீடு வந்தபோது பனையேறியின் வாழ்க்கை மதிப்பீட்டுக்கு உரிய பொருளாயிற்று. தேங்காய்ப்பட்டணத்தின் தோப்பில் முஹம்மது மீரான் ஒரு கடலோர கிராமத்தின் கதையை எழுதியபோது, அதன் அரபு கலந்த பேச்சையும் ஜமாஅத் அதிகாரத்தையும் புரிந்துகொள்ள மதிப்புரையாளர்கள் அந்தக் கடற்கரையின் வரலாற்றைப் படிக்க வேண்டியதாயிற்று. மணிகட்டிப்பொட்டலின் பொன்னீலன் ஜீவா வழியில் பெருமன்றத்தை வளர்த்துக்கொண்டே நாவல்கள் எழுதினார். புதிய தரிசனங்களுக்கு 1994இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒவ்வொரு புதிய நாவலும் மதிப்பிட வந்தவரின் அறியாமையை வெளிச்சம் போட்டது. அந்த அறியாமையை நீக்கியது வரலாறும் நாட்டார் வழக்காற்றியலும்தான். கற்பனை நூலை மட்டும் படிக்கும் மதிப்புரையாளர் மீரானின் நாவலை மொழிநடையின் புதுமையாகச் சுருக்கியிருப்பார். பழைய மரபின் குறையை நீக்கிய கருவியும் கதையையும் ஆராய்ச்சியையும் சேர்த்து வாசிக்கும் அதே பழக்கம்தான்.

மூன்றாவதாக, முறை பற்றிய மறுப்பு. நாவலுக்கும் வரலாற்று நூலுக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்க முடியாது. ஒன்றில் தவறான ஆண்டு குற்றம், மற்றொன்றில் அது பொருட்டே இல்லை. இரண்டையும் ஒருவரே மதிப்பிட்டால் நாவலிடம் சான்று கேட்பதும் வரலாற்றிடம் சுவை தேடுவதுமாக முடியும் என்பார்கள். அளவுகோல்கள் வேறு என்பது சரி. நூலின் வகைக்கேற்ற விதியை முதலில் மதிப்பது மதிப்புரையாளரின் கடமை. ஆனால் விதிகள் வேறு என்பதால் கேள்வியும் வேறாகிவிடாது. நாஞ்சில் நாடன் இதற்கு எடுத்துக்காட்டு. 1977இல் தலைகீழ் விகிதங்கள் நாவலில் தொடங்கி நாஞ்சில்நாட்டு வேளாளக் குடும்பத்தின் பெருமையையும் பொருமலையும் கதைகளாக எழுதியவர், 2003இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை என்ற நூலில் அந்தச் சமூகத்தின் உணவையும் சடங்கையும் உறவுமுறையையும் விவரித்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு நாவலில் ஒரு கல்யாணப் பந்தி ஏன் அத்தனை நீளம் என்பது விளங்கும். விவரண நூல் எங்கே மௌனமாகிறது என்பதும், அந்த மௌனத்தை எந்தக் கதை உடைத்தது என்பதும் தெரியும். அ.கா. பெருமாள் முதலியார் ஓலைகளையும் தோல்பாவைக்கூத்தையும் கோயில் சடங்குகளையும் பதிவு செய்த நூல்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஜெயமோகன் போன்றவர்கள் தெய்வங்களையும் தொன்மங்களையும் கொண்டு எழுதும் கதைகளில் எது மக்களிடமிருந்து பெற்றது, எது ஆசிரியர் படைத்தது என்று பிரித்தறிய முடிகிறது. அப்படிப் பிரித்தறிந்த பிறகே படைத்ததன் மதிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பேச முடியும். வகை கலந்த வாசிப்பு அளவுகோலைக் குழப்புவதில்லை; ஒவ்வொரு வகையும் தன் வரம்பை எங்கே மீறியது, எங்கே அதற்குள் சோம்பிக் கிடந்தது என்று காட்டிக்கொடுக்கிறது.

இன்று குமரி மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் நூல்களின் வகை ஜீவா காலத்தில் நினைத்திராத அளவு விரிந்திருக்கிறது. கடலோரப் பேரிடரைப் பேசும் நூல், வட்டாரச் சொற்கள் நிரம்பிய நாவல், ஊர் வரலாறு, தன்வரலாறு, மலையாள மொழிபெயர்ப்பு என்று எல்லாம் வருகின்றன. நூல்கள் பெருகிய அளவுக்கு மதிப்புரை வளரவில்லை. வெளியீட்டு விழாப் பாராட்டும், பின்னட்டைக் குறிப்பை நீட்டி எழுதுவதும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நூலைக் கடிந்து எழுதினால் நட்பு போகும் என்ற அச்சம் ஒரு சிறிய எழுத்துலகில் இயல்பே. ஆனால் நாஞ்சில்நாட்டு எழுத்துலகம் எப்போதும் சிறியதாகத்தான் இருந்தது. அதன் விவாதங்கள் நட்பையும் பகையையும் தாண்டியே நடந்தன. அந்த மரபை இன்று கைக்கொள்ள விரும்பும் மதிப்புரையாளர் ஒரு நாவலை எடுக்கும்போது அதே நிலத்தைப் பற்றிய ஓர் ஆய்வு நூலையும், ஓர் ஆய்வு நூலை எடுக்கும்போது அந்த வாழ்க்கையை எழுதிய ஒரு கதையையும் உடன் வைத்துக்கொள்ளட்டும். தன் சார்பை ஜீவாவைப்போல வெளிப்படையாகச் சொல்லட்டும். நூலை வாங்க வசதியில்லாதவருக்கும் விளங்கும் மொழியில், அவரும் மறுத்துப் பேசலாம் என்ற மரியாதையோடு எழுதட்டும். மருமக்கள்வழி மான்மியத்தைப் படித்தவன் தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்க முடிந்ததுபோல, நல்ல மதிப்புரை வாசகனைத் தன் சொந்த வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டுவரச் செய்ய வேண்டும். அதைச் செய்யாத மதிப்புரை, எத்தனை நயமாக எழுதப்பட்டிருந்தாலும், வெறும் விற்பனை அறிவிப்பு.